பெரியவர் தப்பு செய்தால் எப்படிச் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

சேலத்து நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டிலும் பிறகு பணியாளர் பிரிவிலும் இருந்தவள் நான். அதனால்தானோ என்னவோ, கூட வேலை பார்ப்பவரின் குறையை எப்படிச் சொல்வது என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் குறைவதே இல்லை. இந்த இதழுக்கு சேலம், ஏற்காடு பக்கத்துக் கடிதங்களை எடுத்துக்கொண்டேன். யார் பெயரையும் வெளியிடவில்லை.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வயது 28. சமீபத்தில் என்னை ஜிஎஸ்டி வேலைக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். எனக்கு டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கற்றுக்கொடுத்த அண்ணன் இப்போது எனக்குக் கீழே வேலை செய்கிறார். அவருக்கு 50 தாண்டிவிட்டது. மாதா மாதம் அவர் போடும் பில்களில் சிலது வேறு பார்ட்டி கணக்கில் போய்விடுகிறது. 10-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் நானே திருத்திவிடுகிறேன். அப்படியும் என் கண்ணுக்குத் தப்பியதைக் கேட்டு பார்ட்டியிடமிருந்து போன் வருகிறது. சொன்னால் அவர் மனசு நோகுமே என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது? – வாசகி, சேலம்

பதில்: முதலில் அந்த ராத்திரி வேலையை நிறுத்துங்கள் அம்மா. அவர் பில்லில் தவறு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். போன் செய்கிற பார்ட்டிக்குத் தெரியும். சீக்கிரம் ஆடிட்டருக்கும் தெரிந்துவிடும். தெரியாத ஒரே ஆள் அவர்தான். தொழில் சொல்லிக்கொடுத்தவரை அப்படி ஓர் இடத்தில் நிறுத்தி வைப்பதை மரியாதை என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நாளைக்கு ஆடிட்டர் அவரைக் கூப்பிட்டு, "இத்தனை மாசமா இந்தப் பொண்ணுதான் உங்க தப்பைத் திருத்திட்டு இருக்குது" என்று சொன்னால், தவறு செய்ததைவிட நீங்கள் மறைத்ததுதான் அவருக்கு அதிகம் வலிக்கும்.

அவரிடம் போவதற்கு முன்னால் தவறை நன்றாகப் பாருங்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. ஜிஎஸ்டி எண்ணில் எழுத்தும் எண்ணுமாக 15 இடம். முதல் இரண்டு மாநிலத்துக்கு, தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி இடம் முழு எண்ணையும் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. நடுவில் ஏதாவது ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் கணக்கு ஒத்துவராது, எண் செல்லாது என்று வந்துவிடும். உங்கள் அண்ணன் போட்ட பில்லோ ஏற்றுக்கொள்ளப்பட்டு வேறு ஆளுக்குப் போயிருக்கிறது. அப்படியென்றால் எண் நல்ல எண்தான், பார்ட்டிதான் மாறிப்போயிருக்கிறது. பெயர்ப் பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு கடை இருக்கும், ஒன்று செவ்வாய்ப்பேட்டையில், இன்னொன்று ஈரோட்டில். முதலில் கண்ணில் படுவதை எடுத்துவிடுகிறார் என்று நினைக்கிறேன். தவறான பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

இது தெரிந்துவிட்டால் நீங்கள் பேசப்போகும் பேச்சே வேறாகிவிடும். "அண்ணனுக்கு முன்ன மாதிரி கவனம் இல்லை" என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு போனால், எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் அது முகத்தில் தெரியும். "இந்தப் பெயரில் இரண்டு பார்ட்டி இருக்கிறது" என்பதில் நோவதற்கு என்ன இருக்கிறது?

நேரம் பார்த்துச் சொல்லுங்கள். 11-ஆம் தேதிக்குள் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட்டாக வேண்டும், 20-ஆம் தேதி வரி கட்டுவதற்கான 3பி. 10-ஆம் தேதி சாயங்காலம் ஆடிட்டர் அலுவலகத்தில் யாரிடமும் எதுவும் பேச முடியாது. 12, 13 தேதிகளில் கொஞ்சம் மூச்சு விடலாம். டீக்கடையில் வேண்டாம், நாலு பேர் நிற்பார்கள். ஆடிட்டர் அறையிலும் வேண்டாம், விசாரணை மாதிரி ஆகிவிடும். அவர் மேஜைக்கே போய், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இரண்டு பில்லை மட்டும் எடுத்துப் போங்கள். ஒரு கட்டையே தூக்கிக்கொண்டு போனால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

"அண்ணா, இந்த ரெண்டு பில்லும் ஈரோட்டுக்காரர் கணக்குல போயிருக்குதுங்க. நம்ம பார்ட்டி 2பி-ல வரலைன்னு போன் பண்ணினாருங்க. அவருக்கு வரியை எடுத்துக்க முடியலை. எங்க மாறுதுன்னு சேர்ந்து பாக்கலாமுங்களா?"

(2பி என்பது வாங்கியவருக்கு ஜிஎஸ்டி தளத்தில் தெரியும் பில் பட்டியல்.) இவ்வளவுதான். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். நம் பெண்களுக்கு இங்கேதான் கஷ்டம். பெரியவர் முகம் சுருங்கினதும் "பரவாயில்லைங்கண்ணா, சின்ன விஷயம்தான், எல்லாருக்கும் வர்றதுதான்" என்று நாமே அள்ளி மூடிவிடுவோம். அவர் யோசிக்கிற நேரத்தை அப்படிப் பறித்துவிடாதீர்கள். ஸ்கிரீனில் எழுத்து தெரியவில்லை என்பார், கண்ணாடி மாற்ற வேண்டும் என்பார், இரண்டு பேர் இருப்பதே தெரியாது என்றும் சொல்லலாம். எது வந்தாலும் அதற்கு வழி இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஊரைச் சேர்த்துவிட்டால் பாதித் தவறு அன்றைக்கே நின்றுவிடும். போன பில்லை அடுத்த தாக்கலில் திருத்திக்கொள்ளலாம்.

அப்புறம், சொன்னதோடு கை கழுவிவிடாதீர்கள். அடுத்த மாதம் 8-ஆம் தேதி வாக்கில் இருவரும் சேர்ந்தே அவருடைய பில்களைப் பாருங்கள், பகலில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து. சரியாக வந்திருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பழம் பறிக்கும் சீசனில் பச்சைக்காய் கலந்து வருகிறது. சாயங்காலம் எடை போடும்போது எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிடுகிறேன். இரண்டு நாள் ஒழுங்காக இருக்கும், அப்புறம் பழையபடிதான். எப்படிச் சொன்னால் கேட்பார்கள்? – வாசகர், ஏற்காடு

பதில்: சேர்வராயன் மலைக்கு காபி வந்தது 1820-களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோது. பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறையாகக் காபி பறித்த குடும்பங்கள் அங்கே உண்டு. எது பழம், எது காய் என்று நீங்களோ நானோ அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும் காய் வருகிறது என்றால் சத்தம் போட்டு என்ன ஆகப்போகிறது? ஏன் வருகிறது என்று கேளுங்கள்.

முதலில் கூலியைப் பாருங்கள். கிலோ கணக்கில் கூலியா? இன்ன எடைக்கு மேல் பறித்தால் கூடுதல் பணமா? அப்படியென்றால் பச்சைக்காய்க்கும் அதே எடைதான், அதே பணம்தான். நிதானமாகப் பழத்தை மட்டும் எடுக்கும் அக்காவுக்குக் கூலி குறைகிறது, கொத்தோடு உருவுகிறவருக்குக் கூடுகிறது. உங்கள் வாய் ஒன்று சொல்ல, உங்கள் தராசு இன்னொன்று சொல்கிறது. அவர்கள் தராசைத்தான் கேட்பார்கள். அதில் தவறே இல்லை, அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆக, நீங்கள் முதலில் பேச வேண்டியது எஸ்டேட் முதலாளியிடம். சுத்தமான பழத்துக்குக் கிலோவுக்கு ஏதாவது கூட்டித் தர முடியுமா, முதல் சுற்றில் பழம் குறைவாக இருக்கும் நாட்களில் எடையைப் பாராமல் நாள் கூலியாகவே தர முடியுமா என்று கேளுங்கள். அதைச் செய்யாமல் தொழிலாளியிடம் மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து, சொல்லும் நேரம். எடை போடும் இடத்துக்கு வரும்போது காய் செடியை விட்டு வந்தாயிற்று, அதை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. சரிவில் ஏறி இறங்கி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றவரை ஊர் பார்க்கத் திட்டினால் அவருக்கு அந்த அவமானம்தான் ஞாபகம் இருக்கும். காலையில் முதல் அரை மணி நேரத்தில் வரிசைக்குள் போங்கள். ஒருவருடைய பையில் கை விட்டு ஒரு பிடி எடுத்து, அவர் முன்னாலேயே உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். காபிச் செடியில் ஒரே கணுவில் பழமும் காயும் ஒட்டிக்கொண்டு நிற்கும். பழத்தை விரலால் லேசாகத் திருகினால் வந்துவிடும், காய் காம்பை விடாது. கொத்தாகப் பிடித்து இழுத்தால்தான் எல்லாம் சேர்ந்து வரும். கையில் காம்பும் இலையும் சேர்ந்து கிடந்தால் இழுத்திருக்கிறார் என்று பொருள். "அக்கா, இந்தப் பிடியில இவ்வளவு காய் வருது பாருங்க. இந்தச் செடியில இருந்து திருகி எடுங்க" என்று அங்கேயே சொல்லிவிட்டால் நாளே மிச்சம் இருக்கிறது, திருத்திக்கொள்ள.

இன்னொன்றும் செய்யலாம். பச்சைக்காய் பல்ப்பர் மிஷினில் தோல் உரியாமல் நசுங்கும், முற்றாத கொட்டை வறுத்தாலும் வெளுத்தே நிற்கும், குடித்தால் நாக்கில் கறகறவென்று பிடிக்கும். பறிக்கிற அக்காக்களுக்கு ஒரு நாள் இரண்டையும் வறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தாங்கள் பறித்தது என்ன ஆகிறது என்று பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்கும். யாரும் கூப்பிட்டுக் காட்டியிருக்கமாட்டார்கள்.

கேள்வி: ஐடி கம்பெனியில் புதிதாக டீம் லீட் ஆகியிருக்கிறேன். பயிற்சியில், முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று சொல்லச் சொன்னார்கள். சரியான முறையா? – வாசகர், ஜாகீர் அம்மாபாளையம்

பதில்: எனக்குப் பிடிக்காத முறை. இரண்டாவது தடவையிலேயே எதிரில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் பாராட்ட ஆரம்பித்ததும் "ஆனால்" எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருப்பார், உண்மையான பாராட்டும் காதில் ஏறாது. கூச்சப்படுகிற ஆளாக இருந்தால் இன்னும் மோசம்: முன்னும் பின்னும் வந்த பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் சொன்னதை விட்டுவிடுவார். நல்ல வேலை செய்த அன்றைக்குப் பாராட்டுங்கள். குறை இருந்தால் குறையை மட்டும் பேசுங்கள்.

கேள்வி: ஜவுளிக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். யார் தவறு செய்தாலும் மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டு எழுதுகிறார். "அப்போதான் மத்தவங்களுக்கும் பயம் இருக்கும்" என்கிறார். – வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பயம் இருக்கும், வேலை நன்றாக நடக்காது. அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வேலையைப் பற்றிக் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், சொன்ன பிறகு வேலை முன்னைவிடக் கெட்டிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பினால் பலன் குறையும் என்பது அவர்கள் விளக்கம். 40 பேர் பார்க்கும் குரூப்பில் பெயரைப் போட்டால், அந்தப் பெண் புடவை மடிப்பைப் பற்றியா யோசிப்பாள்? யார் யார் பார்த்தார்கள் என்றுதான் யோசிப்பாள்.

எங்கள் ஆலையில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் ஒரு மேஸ்திரி இருந்தார். அங்கே இரைச்சலில் தூரத்தில் இருந்து கத்தினால் ஒன்றும் கேட்காது. நூல் அறுந்து கிடப்பதைப் பார்த்தால் அந்தப் பெண்ணிடம் நடந்து போவார், காதுக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு வார்த்தை சொல்வார், தானே ஒரு நூலை இணைத்துக் காட்டுவார், போய்விடுவார். அடுத்த மிஷினில் நிற்பவளுக்கு அவர் திட்டினாரா, சாப்பிட்டாயா என்று கேட்டாரா என்றே தெரியாது. அவர் பகுதியில் வேலை பார்க்க எல்லாரும் ஆசைப்பட்டோம். உங்கள் மேனேஜரிடம் இதைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள்: "சார், என் தப்பு எதுவா இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லுங்க, உடனே திருத்திக்கிறேன். குரூப்பில் வேண்டாமுங்க." உங்களுக்காக மட்டும் கேளுங்கள். எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டால் கலகம் என்று எடுத்துக்கொள்வார். ஒருவரை விட்டுவிட ஆரம்பித்தால் மெல்ல மற்றவர்களையும் விடுவார்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜ் நர்ஸ் நான். புதிதாக வந்த பெண் 2 மணி ஊசியை 4 மணிக்குப் போட்டுவிட்டு, சார்ட்டில் 2 மணி என்று எழுதியிருக்கிறாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல பெண். கண்டிப்பதா, மேலே எழுதிக் கொடுப்பதா, இந்த ஒரு தடவை விட்டுவிடுவதா? – வாசகி, சேலம்

பதில்: விட்டுவிடாதீர்கள். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊசி தாமதமானது ஒன்று. அதற்குக் காரணம் கேளுங்கள். அந்த நேரத்தில் அவளிடம் எத்தனை படுக்கை இருந்தது, புதிய அட்மிஷன் வந்ததா, மருந்து மேலே வரத் தாமதமா? பெரும்பாலும் அவள் ஒருத்தியின் குறையாக இருக்காது.

சார்ட்டில் மாற்றி எழுதியது வேறு விஷயம். அடுத்த ஷிஃப்டில் வருகிறவள் அந்த 2 மணியை நம்பித்தான் அடுத்த ஊசியைப் போடுவாள், இடைவெளி குறைந்துவிடும். இதை இன்றைக்கே, அவளை உட்கார வைத்து, இந்த விளக்கத்தோடு நேராகச் சொல்லுங்கள். டாக்டருக்கும் தெரிய வேண்டும், உங்கள் மருத்துவமனை முறைப்படி எழுத்திலும் வர வேண்டும். ஆனால் அவளுக்குத் தெரியாமல் எழுதிக் கொடுக்காதீர்கள். அவளையே எழுதச் சொல்லி, டாக்டரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.

கூடப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடக்கும் வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. தேடிப் பார்த்ததில், அந்த வார்டுகளில் நர்ஸ்கள் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்கள், கெடுபிடியான இடங்களில் மறைக்கிறார்கள் என்று தெரியவந்தது. இந்தப் பெண்ணும் பயத்தில்தான் மாற்றி எழுதியிருப்பாள். சரியாக 4 மணி என்று எழுதியிருந்தால் உங்கள் வார்டில் அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நல்ல கைகாரர் ஒருவர், பற்றவைக்கும்போது பற்றுப்பொடியை அள்ளிப் போடுகிறார். உருக்கிப் பார்த்தால் டச் (வெள்ளியின் தூய்மை) குறைகிறது, வியாபாரி கழித்துக்கொள்கிறார். சொன்னால் "வேற பட்டறைக்குப் போயிடறேன்" என்று கோபப்படுகிறார். – வாசகர்

பதில்: கைகாரருக்கு ரோஷம் இருக்கத்தான் செய்யும். "பொடி ஜாஸ்தியாகுது" என்று நீங்கள் சொல்வதை அவர் உங்கள் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்கிறார். அபிப்பிராயத்தோடு சண்டை போடலாம், டச் பார்த்த சீட்டோடு சண்டை போட முடியாது. அடுத்த முறை உருக்கும்போது அவரையும் கூட்டிப் போங்கள். அவர் செய்த கொலுசு ஒன்றும், வேறொருவர் செய்தது ஒன்றும் அவர் கண் முன்னால் உருகட்டும். முடிவை அவரே படிக்கட்டும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அங்கேயும் கோபப்பட்டால் பதிலுக்குப் பேசாதீர்கள், பின்வாங்கவும் வேண்டாம். "சரிங்க, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று விட்டுவிட்டு, மறுநாள் கட்டாயம் பேசுங்கள். கோபப்பட்டால் பேச்சு நின்றுவிடும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வரும்.

கேள்வி: வருடாந்திரப் பேச்சில் என் மேலதிகாரி, "உன்கிட்ட ஈடுபாடு பத்தாது" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராத்திரி எல்லாம் தூக்கம் இல்லை. – வாசகர், ஓமலூர்

பதில்: தூக்கம் கெட்டதில் ஆச்சரியம் இல்லை, அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? சொன்னவர் பாதியில் விட்டுவிட்டார், மீதியை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் போய்க் கேளுங்கள்: "சார், ஈடுபாடு பத்தாதுன்னு சொன்னீங்க. எந்த வேலையில அப்படித் தெரிஞ்சுதுங்க? ஒண்ணு ரெண்டு சொன்னீங்கன்னா மாத்திக்குவேன்." குரலில் வழக்காடும் தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டிங்கில் பேசாமல் இருக்கிறீர்கள் என்பார், மெயிலுக்குப் பதில் தாமதமாகிறது என்பார். அது கையில் பிடிக்கக்கூடிய விஷயம். எழுதி வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து நீங்களே போய், இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவரால் ஒன்றுகூடச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வார்த்தைக்காக இன்னொரு ராத்திரி விழித்திருக்காதீர்கள்.